மலை ஏன் படத்தில் சிறுத்துப் போகிறது?

கொடைக்கானலுக்கோ மூணாறுக்கோ போய்வந்தவர்கள் போனை நீட்டிப் படம் காட்டும்போது ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "படத்துல ஒண்ணும் தெரியல, நேர்ல பார்க்கணும்." நேரில் வானத்தை அடைத்துக்கொண்டு நின்ற மலை, படத்தில் வெளிறிய மெல்லிய கோடாக ஓரத்தில் கிடக்கும். பச்சையும் போயிருக்கும், பிரம்மாண்டமும் போயிருக்கும். போன் சரியில்லை என்று முடிவுகட்டி, பலர் அடுத்த மாடலுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

போன்மேல் பழி போடத் தேவையில்லை. உங்களுக்கும் மலைக்கும் நடுவே பல கிலோமீட்டர் தூரம் இருக்கிறது. அந்தத் தூரம் முழுக்கக் காற்று இருக்கிறது. அந்தக் காற்றுக்குள் சூரிய வெளிச்சம் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து நுழைகிறது. மலைப் படம் நன்றாக வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் இந்த மூன்றைப் பொறுத்ததுதான். புதிதாகப் படமெடுக்க வருபவர்களுக்கு ஷட்டர், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ என்றுதான் முதல் பாடம் நடக்கிறது. மலையைப் பொறுத்தவரை அதையெல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்பது என் உறுதியான எண்ணம். தூரமும் காற்றும் வெளிச்சமும் பிடிபட்டால் சாதாரணப் போனிலேயே நல்ல மலைப் படம் எடுக்க முடியும்.

கையை நீட்டி அளந்து பாருங்கள்

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு மலை இருக்கிறது. உங்கள் கண்மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டர் எழும்பி நிற்கிறது. கம்பீரமான மலைதான். ஆனால் உங்கள் பார்வையில் அது பிடிக்கும் உயரம் 6 டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கிக்கொண்டால், முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. ஆக அத்தனை பெரிய மலையும் அரை முஷ்டிக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அடுத்த முறை மலைக்குப் போகும்போது இதைச் செய்து பாருங்கள். பலருக்கு நம்பவே முடிவதில்லை.

நேரில் அது பெரிதாகத் தெரியக் காரணம், நம் கவனம் முகட்டில் போய் ஒட்டிக்கொண்டு மற்றதையெல்லாம் ஒதுக்கிவிடுவதுதான். கேமராவுக்கு அப்படி ஒதுக்கத் தெரியாது. போனில் 1 எக்ஸ் என்று இருக்கும் கேமரா, பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் சுமார் 24 மில்லிமீட்டர் லென்ஸ் (இந்த எண் குறைந்தால் காட்சி அகலும், கூடினால் தூரத்துப் பொருள் பெரிதாகும்). போனைப் படுக்கையாகப் பிடித்து எடுத்தால் நம்முடைய 6 டிகிரி மலை படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் நிரப்பும். "எல்லாம் வரட்டும்" என்று 0.5 எக்ஸுக்குப் போனால் இருபதில் ஒரு பங்கு. மீதி இடத்தை வெற்று வானமும், முன்னால் இருக்கும் கம்பி வேலியும், யாரோ விட்டுச்சென்ற தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளும். அதே இடத்தில் நின்று 3 எக்ஸுக்குப் போங்கள். மலை பத்தில் மூன்று பங்குக்கு வந்துவிடும். 5 எக்ஸ் இருந்தால் ஏறக்குறைய பாதிப் படம் மலைதான்.

அதனால் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, பரந்த மலைக்காட்சி என்றாலே அகல லென்ஸ் என்ற பழக்கத்தை முதலில் விடுங்கள். தூரத்து மலைக்கு ஜூம்தான் சரி. கேமரா வைத்திருப்பவர்கள் 70-லிருந்து 200 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸை, கனமாக இருந்தாலும், பையில் போட்டுக்கொள்வது நல்லது. போனில் ஒரே ஒரு கவனம் தேவை. தூரத்தைப் பெரிதாக்கும் டெலிபோட்டோ கேமரா தனியாக இல்லாத போன்களில் 3 எக்ஸ், 5 எக்ஸ் என்பது பெரிய படத்தை வெட்டிப் பெரிதாக்கித் தருவதுதான், அதனால் கூர்மை குறையும். டெலிபோட்டோ உள்ள போன்களிலும் வெளிச்சம் மங்கினால் சில நேரம் பிரதான கேமராவின் படத்தையே வெட்டிக் கொடுத்துவிடும். நல்ல வெளிச்சத்தில் இந்தக் கவலை இல்லை.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. ஜூம் செய்தால் மலை பக்கத்தில் இருக்கும் மரத்தைவிடப் பெரிதாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. நின்ற இடத்திலிருந்து ஜூம் செய்தால் மலையும் மரமும் ஒரே விகிதத்தில்தான் பெரிதாகும். விகிதத்தை மாற்ற உங்கள் கால்தான் நகர வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் 10 மீட்டர் உயர சில்வர் ஓக் மரம் ஒன்று உங்களுக்கு 50 மீட்டர் முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பிடிக்கும் கோணம் 11 டிகிரி, பின்னால் இருக்கும் மலையைவிட இரண்டு மடங்கு. இப்போது மரத்திலிருந்து 200 மீட்டர் தூரம் வரும்படி பின்னால் நடந்து போங்கள். மரம் 3 டிகிரிக்குச் சுருங்கிவிடும். 10 கிலோமீட்டரில் இருக்கும் மலைக்கு நீங்கள் நடந்த 150 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை, அது அப்படியே 6 டிகிரியில் இருக்கும். இப்போது ஜூம் செய்து எடுத்தால் மரத்துக்கு மேல் இரண்டு மடங்கு உயரத்தில் மலை எழுந்து நிற்கும். பார்ப்பவருக்கு மலையின் அளவு ஒரே பார்வையில் புரிந்துவிடும். மரத்துக்குப் பதில் ஒரு வீடோ, பாதையில் நடந்துபோகும் நண்பரோ இருந்தாலும் கணக்கு இதுதான்.

நடுவில் இருக்கும் காற்று

மலை பெரிதாகிவிட்டது, ஆனாலும் வெளிறித்தான் இருக்கிறது என்றால் காரணம் காற்று. வெறும் காற்றே வெளிச்சத்தைச் சிதறடிக்கும். நீல ஒளி சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். தூரத்து மலையிலிருந்து உங்களை நோக்கி வரும் வெளிச்சத்தோடு, வழியெல்லாம் காற்றில் சிதறிய நீல ஒளியும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் பக்கத்து மலை பச்சையாகவும், அடுத்தது நீலப்பச்சையாகவும், அதற்கும் அப்பால் இருப்பது வெளிர்நீலமாகவும் தெரிகிறது.

இதோடு நின்றால் அழகுதான். ஆனால் காற்றில் தூசி, புகை, நீராவியால் ஊதிப்பெருத்த நுண்துகள்கள் எல்லாம் மிதக்கின்றன. இவை அளவில் பெரியவை என்பதால் நீலம், சிவப்பு என்று பார்க்காமல் எல்லா நிறத்தையும் சிதறடிக்கும். அதனால் அந்த மூட்டம் வெள்ளையாகத் தெரிகிறது. ஈரப்பதம் ஏற ஏறத் துகள்கள் பருத்து மூட்டம் இன்னும் கெட்டியாகும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், குறிப்பாகச் சமவெளியை ஒட்டிய பக்கங்களில், படங்களை வெளிற வைப்பது பெரும்பாலும் இந்த வெள்ளை மூட்டம்தான்.

ஆனால் மூட்டம் முழுக்க எதிரியும் இல்லை. தூரம் கூடக்கூட ஒவ்வொரு முகடும் ஒரு படி வெளிறுவதால்தான் படத்தில் ஆழம் தெரிகிறது. துடைத்துவிட்டதுபோலத் தெளிந்த நாளில் 5 கிலோமீட்டர் மலையும் 20 கிலோமீட்டர் மலையும் ஒட்டிக்கொண்டு ஒரே சுவராகத் தெரியும். அடுக்கடுக்கான மலைகள் என்று நாம் ரசிக்கும் படங்கள் எல்லாம் கொஞ்சம் மூட்டம் இருந்த நாளில் எடுக்கப்பட்டவை. எவ்வளவு மூட்டம் இருக்கிறது என்பதோடு, அதற்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான்.

சூரியன் எந்தப் பக்கம்?

காலையில் கிழக்கு நோக்கிப் போகும் பஸ்ஸின் முன்கண்ணாடியைக் கவனித்திருப்பீர்கள். சூரியன் எதிரே இருக்கும்போது கண்ணாடித் தூசி முழுக்கப் பளபளத்து ரோடே தெரியாது. பஸ் ஒரு வளைவில் திரும்பியதும் அதே கண்ணாடி தெளிவாகிவிடும். தூசி எங்கும் போகவில்லை, வெளிச்சம் வரும் பக்கம்தான் மாறியது. மலைக்கு முன்னால் இருக்கும் காற்றும் அப்படித்தான். மூட்டத் துகள்கள் வெளிச்சத்தை, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே முன்னோக்கி அதிகம் சிதறடிக்கும். ஆகவே சூரியனைப் பார்த்து எடுத்தால் மூட்டம் ஜொலிக்கும். சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு எடுத்தால் அதே மூட்டம் பாதி காணாமல் போய்விடும்.

இதை ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டுமென்றால் கொழுக்குமலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தேனி மாவட்டத்தில் ஏறக்குறைய 7,900 அடி உயரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டம் அது. கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறுவார்கள். கிழக்கே போடி, தேனி சமவெளி. சூரியன் அங்கிருந்து எழும். எல்லாரும் அந்தப் பக்கமே போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சூரியனுக்கு எதிர்முகமாக இருப்பதால் கீழே உள்ள மூட்டம் பொன்னிறமாக ஒளிரும். மலைகளின் பச்சையோ பாறையோ தெரியாது, வெறும் கருவடிவங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும். அடுக்குகளை எடுக்க வேண்டிய திசை அதுதான். இங்கே நிறத்தை எதிர்பார்க்கக் கூடாது. முகடுகளின் கோட்டை மட்டும் பார்த்து, ஜூம் செய்து, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் நான்கைந்து கோடுகளைப் படத்துக்குள் அடக்கினால் போதும்.

அந்த நேரத்தில் அப்படியே திரும்பி வடமேற்கே பாருங்கள். மீசைப்புலிமலை 2,640 மீட்டரில் நிற்கிறது, சூரியனின் முதல் வெளிச்சம் நேராக அதன்மேல் விழுகிறது. மூட்டம் குறைவாகத் தெரியும், புல்வெளி செம்பொன்னாக இருக்கும். நிறம் வேண்டுமானால் இந்தப் பக்கம். எழும் சூரியனைப் பார்த்தபடியே நிற்பவர்கள் இந்தப் படத்தைத் தவறவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது, ஏனென்றால் பத்து நிமிடத்தில் அந்த நிறம் போய்விடும்.

மூன்றாவது திசை, சூரியன் பக்கவாட்டில் இருப்பது. மலையின் உருவம் தெரிய இதுதான் மிகச் சிறந்தது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மலையின் நிழல்கள் எல்லாம் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிறம் இருக்கும், மேடுபள்ளம் தெரியாமல் தட்டையாக இருக்கும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் நிழல். புல்வெளிச் சரிவில் ஓடையை ஒட்டி இருண்டு நிற்கும் சோலைக்காடு தனியாகப் பிரிந்து தெரியும். நீலகிரியிலும் ஆனைமலையிலும் இந்தப் புல்வெளியும் சோலையும் மாறிமாறி வரும் நிலம்தான் அழகே. நடுப்பகலில் அது பச்சைப் போர்வையாகிவிடும். மாலை நான்கரைக்கு மேல் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள், மலைக்கு எலும்பும் தசையும் வந்துவிடும்.

போலரைசர் ஃபில்டர் (சிதறிய ஒளியில் ஒரு பகுதியைத் தடுக்கும் கண்ணாடி) வைத்திருப்பவர்களுக்கும் இதே திசைதான் பயன். சூரியனுக்குச் செங்குத்தாக, அதாவது சூரியன் உங்கள் தோளுக்கு நேராக இருக்கும்போதுதான் அது நீலமூட்டத்தை நன்றாகக் குறைக்கும். சூரியனுக்கு எதிரிலும் முதுகுப் பக்கத்திலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. அகல லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகித் திட்டாகத் தெரியும். யூவி ஃபில்டர் மூட்டத்தைப் போக்கும் என்று கடையில் சொல்வார்கள். இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் புறஊதாக் கதிர் சென்சாருக்குப் போகாமலேயே பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடுவதால், அது லென்ஸுக்குக் கீறல் விழாமல் காப்பதோடு சரி.

சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருந்து, எதிரே பள்ளத்தாக்கில் மேகம் ஏறி நின்றால் இன்னொரு அதிசயம் நடக்கலாம். உங்கள் நிழல் மேகத்தின்மேல் விழும், தலையைச் சுற்றி வானவில் வளையம் இருக்கும். ஜெர்மனியில் உள்ள ப்ரோக்கன் மலையின் பெயரால் இதை ப்ரோக்கன் ஸ்பெக்டர் என்கிறார்கள். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் இதைப் பார்த்தவர்கள் உண்டு. பக்கத்தில் நிற்பவர் தலையைச் சுற்றி உங்களுக்கு வளையம் தெரியாது, அவரவருக்கு அவரவர் தலையைச் சுற்றித்தான் தெரியும்.

எந்த மாதம், எந்த நேரம்

ஊட்டி சீசன் என்றால் ஏப்ரல், மே என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. படத்துக்கு அது மோசமான காலம். மார்ச் முதல் மே வரை காற்றில் தூசியும் புகையும் மிகுதி. வெயில் ஏறினால் சமவெளிக் காற்று சூடாகி, மூட்டத்தையும் சேர்த்துக்கொண்டு மேலே ஏறிவரும். காய்ந்த புல்லில் தீப்பிடிக்கும் காலமும் அதுவே. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணிக் காட்டில் பற்றிய தீயில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைச் சொல்லாமல் அந்த மலையின் படத்தைப் பற்றி மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. காட்டுத்தீக் காலத்தில் வனத்துறை பாதைகளை மூடுகிறது என்றால் மூடியதுதான், குறுக்குவழி தேடாதீர்கள். தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்திலேயே முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். வழிகாட்டிகளுக்கு மலை மனப்பாடம். "காலை வெயில் எந்தச் சரிவுல மொதல்ல விழும்ணே?" என்று கேட்டுப் பாருங்கள், எந்தச் செயலியும் சொல்லாததைச் சொல்வார்கள்.

மழை காற்றைக் கழுவிவிடும். மழை விட்ட மறுநாள் காலைதான் தெளிவுக்கு உச்சம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் மூணாறும் வால்பாறையும் மேகத்துக்குள் இருக்கும். அதே நாட்களில் மழைமறைவுப் பக்கமான கம்பம், போடியில் நின்று மேற்கே பார்த்தால் மேகம் முகட்டைத் தாண்டி வழிவது தெரியும். இறங்க இறங்கக் காற்று சூடாவதால் பாதிச் சரிவிலேயே மேகம் கரைந்துவிடும். மணிக்கணக்காக வழிந்துகொண்டே இருந்தாலும் கீழே ஒரு துளி வந்து சேராது. மலைமேல் ஏறாமலே எடுக்கக்கூடிய மிக நல்ல மலைப் படம் அது. அதிகம் பேர் எடுப்பதில்லை.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை மேகக்கடலுக்கான காலம். தெளிந்த இரவில் நிலம் குளிர்ந்து, கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கில் போய்த் தேங்கும். அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும். பனியும் மூட்டமும் கீழேயே அடங்கிவிட, முகடுகள் மட்டும் வெளியே தெரியும். வெயில் ஏறி மூடி உடைந்ததும் எல்லாம் கலைந்து மேலே ஏறும். ஒன்பது மணிக்கு மேல் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சூரியன் உதித்தபின் ஒரு மணி நேரம் பொன் வெளிச்சம் கிடைக்கும் என்று ஐரோப்பாவிலிருந்து வரும் காணொளிகளில் சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது உண்மை. நம் மலைகள் நிலநடுக்கோட்டுக்கு அருகே 10, 11 டிகிரியில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. அரை மணி நேரத்தில் 7 டிகிரி உயர்ந்துவிடும். லண்டனில் மார்ச் மாதத்தில் அதே உயரத்துக்கு முக்கால் மணி ஆகும், டிசம்பரில் இன்னும் அதிகம். இங்கே பொன் வெளிச்சம் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். கிழக்கே உயரமான முகடு மறைத்திருந்தால், சூரியன் அதைத் தாண்டி எட்டிப் பார்க்கும்போதே வெளிச்சம் வெள்ளையாகியிருக்கும். ஆகவே முதல்நாள் மாலையே இடத்தைப் பார்த்து, எங்கே நிற்பது, எவ்வளவு ஜூம், முன்னால் எந்த மரம் என்று முடிவுசெய்துவிடுங்கள். காலையில் போய் இடம் தேடினால் வெளிச்சம் காத்திருக்காது.

பனி, விளிம்பு, மனிதர்கள்

கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைப் பனிமூட்டத்தைக் காட்டினால் அழுக்குச் சாம்பலாக்கிவிடும். போனில் திரையைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் பனி வெள்ளையாகும். கேமராவில், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டல் 1 வைக்கலாம். சூரிய உதயத்துக்கு நேரெதிர். கழித்தல் 1 அளவுக்குக் குறைத்தால்தான் சூரியனைச் சுற்றிய ஆரஞ்சு நிறம் வெளுக்காமல் நிற்கும். மற்ற அமைப்புகளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். எஃப் 8 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 100 (சென்சாரின் ஒளி உணர்வு), ட்ரைபாட் எனும் முக்காலி, இரண்டு வினாடி டைமர் போதும். காற்றடித்தால் ட்ரைபாட் கொக்கியில் பையைத் தொங்கவிடுங்கள். ஏசி காரிலிருந்து நேராக ஈரக்காற்றுக்குள் எடுத்தால் லென்ஸ் வியர்க்கும், அதனால் இறங்குவதற்குக் கால் மணி முன்பே ஏசியை அணைத்துவிடுங்கள்.

0.5 எக்ஸ் பற்றிச் சொன்னதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்த லென்ஸ் எல்லாவற்றையும் தள்ளிக் காட்டும். பாறை விளிம்பு இரண்டடியில் இருந்தாலும் திரையில் ஆறேழு அடியில் இருப்பதுபோலத் தெரியும். வட்டக்கானல் டால்பின் நோஸ் போன்ற இடங்களில் திரையைப் பார்த்துக்கொண்டே ஓரடி கூட நகரக் கூடாது. நின்று எடுங்கள், போனை இறக்குங்கள், பிறகு நடங்கள். காட்டுமாடு கொடைக்கானலிலும் வால்பாறையிலும் தெருவுக்கே வரும். சாதுவாக மேய்வதைப் பார்த்து முன்னால் போய்ப் படமெடுப்பது ஆபத்து. ட்ரோனை அனுமதி இல்லாமல் வனப்பகுதியில் பறக்கவிடுவது சட்டப்படி குற்றம். பறவைகளும் விலங்குகளும் மிரளும் என்பதே எனக்கு அதைவிடப் பெரிய காரணம்.

கொழுந்து பறிக்கும் பெண்களை மலைக்கு முன்னால் வைத்து எடுக்க எல்லாருக்கும் ஆசை. அவர்கள் வேலையில் இருக்கிறார்கள், எடைக்குத்தான் கூலி ஏறும். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் எடுத்ததைக் காட்டிவிட்டு வாருங்கள்.

ஊர் திரும்பிய பிறகு

எடிட்டிங் செயலிகளில் டீஹேஸ் என்று ஒரு பட்டை இருக்கிறது. மூட்டத்தின் வெள்ளையைக் கணக்குப்போட்டுக் கழிக்கும். பத்து, பதினைந்து வரை இழுத்தால் உதவும். ஐம்பதுக்கு இழுத்தால் வானம் கறுத்து, முகடுகளைச் சுற்றி வெள்ளைக் கரை கட்டி, தூரத்து மலையும் பக்கத்து மலையும் ஒரே அடர்த்திக்கு வந்துவிடும். ஆழத்தைக் கொடுத்ததே மூட்டம்தான் என்பதை மறந்துவிட்டு அதையே துடைத்துவிடுகிறோம்.

மூட்டத்தால் நிறம் முழுக்கச் செத்துப்போன படத்துக்கு வேறொரு வழி உண்டு. அமெரிக்காவின் யோசெமிட்டியில் 1927 ஏப்ரல் 10 அன்று ஆன்சல் ஆடம்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் ஹாஃப் டோம் மலையின் பாறைமுகத்துக்கு எதிரே பெரிய கேமராவோடு நின்றிருந்தார். வயது 25. ஃபிலிமுக்குப் பதில் படம் பதியும் கண்ணாடித் தகடுகள் இரண்டே மிச்சம். ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த பிறகு, வானம் சாதாரணமாக வெளிறித்தான் வரும், அந்தப் பாறை தன்னை நடுங்க வைத்த அளவு படத்தில் வராது என்று தோன்றியது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டர் போட்டார். சிவப்பு ஃபில்டர் நீல ஒளியை உள்ளே விடாது. வானம் ஏறக்குறைய கறுப்பாகி, பாறை தனியே எழுந்து நின்றது. அவருடைய மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று அது.

அதே வேலையை இன்று போனில் செய்யலாம். படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். எடிட்டிங் செயலியில் கறுப்பு வெள்ளைக்கென்று நிறவாரியான பட்டைகள் இருந்தால், நீலத்தையும் வெளிர்நீலத்தையும் மெதுவாகக் குறையுங்கள். நீல மூட்டம் இருளும், முகடுகளுக்கு நடுவே வேறுபாடு திரும்பும், மேகம் எழும்பும். வெள்ளை மூட்டத்தில் நீலம் இல்லாததால் அங்கே பெரிய பலன் இருக்காது. மிகவும் குறைத்தால் வானத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். அவை தெரிய ஆரம்பித்ததும் பட்டையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி நிறுத்திக்கொள்ளுங்கள். படமெடுக்கும்போதே ரா கோப்பாக (சென்சார் பதிந்த தகவலைச் சுருக்காமல் அப்படியே வைத்திருப்பது) சேமித்திருந்தால் இன்னும் கொஞ்சம் தூரம் இழுக்கலாம்.